எல்லையிலிருந்து 4,000 கி.மீ. உள்ளே: உக்ரைனின் 'சிலந்தி வலை' தாக்குதல் உண்மையில் எதைச் சாதித்தது?

வானோடி (இழையைத் தொடங்கியவர்)

2025 ஜூன் 1 அன்று ரஷ்ய விமானத்தளங்கள் மீது உக்ரைன் 'சிலந்தி வலை' என்ற பெயரில் நடத்திய ட்ரோன் தாக்குதலைப் பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் "மலிவான ட்ரோன், விலையுயர்ந்த விமானம்" என்பதோடு நின்றுவிட்டன. அது உண்மைதான். ஆனால் அதற்கு மேல் பேச நிறைய இருக்கிறது, அதற்குத்தான் இந்த இழை.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். உக்ரைனின் பாதுகாப்பு உளவு அமைப்பான எஸ்.பி.யு., வாசில் மாலியுக் தலைமையில், 117 சிறிய ட்ரோன்களை ரஷ்யாவுக்குள் கொண்டுசேர்த்தது. மரத்தாலான சிறு வீடுகளின் கூரைக்கு அடியில் அவற்றை ஒளித்து, வீடுகளை லாரிகளில் ஏற்றினார்கள். லாரிகள் விமானத்தளங்களுக்கு அருகே போய் நின்றதும் கூரைகள் தொலைவிலிருந்து திறக்கப்பட்டன, ட்ரோன்கள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன. இலக்கு: ஆர்க்டிக் பக்கம் முர்மான்ஸ்க் பகுதியில் ஓலென்யா, சைபீரியாவில் இர்குட்ஸ்க் அருகே பெலாயா, மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ரியாசானின் தியாகிலெவோ, அப்புறம் இவானோவோ. தூரக்கிழக்கில் அமூர் பகுதியின் உக்ராயின்கா தளத்துக்குப் போன லாரி வழியிலேயே எரிந்துபோனது. பெலாயா உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் மேல். அதற்கு முன் போரின் எந்தத் தாக்குதலும் அங்கே எட்டியதில்லை.

திட்டமிட்டதிலிருந்து தாக்கியது வரை ஓர் ஆண்டு, ஆறு மாதம், ஒன்பது நாள் ஆனது என்றார் ஜெலென்ஸ்கி. ரஷ்யாவுக்குள் இந்த வேலை நடந்த அலுவலகம் அந்நாட்டு உளவு அமைப்பான எஃப்.எஸ்.பி.யின் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது என்றும் சொன்னார்.

என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை கோடி டாலர் நட்டம் என்ற கணக்கில் இதன் கனம் தெரியாது. போன விமானங்களை ரஷ்யாவால் திரும்பக் கட்ட முடியாது என்பதில்தான் இருக்கிறது.

கரிசல்காடு

நல்ல இழை. ஆனால் எத்தனை விமானம் போனது என்பதை முதலில் தெளிவாக்குங்கள். உக்ரைன் 41 என்றது, 7 பில்லியன் டாலர் என்றது. அமெரிக்க அதிகாரிகள் சொன்னது அதில் பாதி. போர்க்காலத்தில் இரண்டு பக்கமும் சொல்வதை அப்படியே வாங்கிக்கொண்டு பேசினால் இந்த இழையும் இன்னொரு பிரச்சாரமாகிவிடும்.

வானோடி

நியாயமான கேள்வி. 41 என்பது "தாக்கப்பட்டவை" என்ற கணக்கு. கீறல் விழுந்ததும் எரிந்து சாம்பலானதும் அதில் ஒன்றுதான். அமெரிக்க மதிப்பீடு, ஏறத்தாழ 20 தாக்கப்பட்டன, அவற்றில் 10 வரை முழுதாக அழிந்தன என்பது. ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகமே முர்மான்ஸ்கிலும் இர்குட்ஸ்கிலும் சில விமானங்கள் தீப்பிடித்ததாக ஒப்புக்கொண்டது. மற்ற மூன்று இடங்களில் முறியடித்தோம் என்றது. அடுத்த சில நாள்களில் வந்த செயற்கைக்கோள் படங்களில் ஓலென்யாவிலும் பெலாயாவிலும் டி.யு-95, டி.யு-22எம்3 என்ற நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற இடத்தில் கருகிய தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. இவானோவோவில் ஏ-50 ராடார் விமானத்தின் மீது ட்ரோன் இறங்கும் காணொளி வந்தது. அவை பறக்கும் நிலையில் இல்லாதவை என்று பல ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள், எனவே அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எனவே 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக எதையும் சேர்க்க வேண்டாம். அந்தப் பத்தே பெரிய அடிதான். டி.யு-95எம்எஸ், டி.யு-22எம்3 இரண்டின் உற்பத்தியும் 1990-களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. சோவியத் யூனியன் விட்டுப்போன இருப்பு அது. கசானில் டி.யு-160எம் என்ற வேறொரு குண்டுவீச்சு விமானத்தைக் கட்டுகிறார்கள், ஆனால் மிக மெதுவாக. ஒரு டாங்க் போனால் கிடங்கிலிருந்து பழையதை எடுத்துப் பழுதுபார்க்கலாம். இங்கே அந்த வழி கிடையாது. மிச்சமிருக்கும் ஒவ்வொரு விமானமும் போனவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும், அதன் ஆயுளும் அந்த அளவுக்குக் குறையும்.

நீலவேணி

நான் தொலைத்தொடர்புத் துறையில் இருப்பவள், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். எனக்கு இதில் ட்ரோனைவிடச் சுவாரசியமானது, அதை எங்கிருந்து எப்படி ஓட்டினார்கள் என்பதுதான்.

போர்முனையில் ஓடும் சாதாரண எஃப்.பி.வி. ட்ரோனுக்கு (அதன் கேமரா காட்டும் படத்தைப் பார்த்து ஓட்டுவது) நேரடி ரேடியோ இணைப்பு வேண்டும். சில பத்து கிலோமீட்டருக்குள்தான் வேலை செய்யும், இடையில் யாராவது சிக்னலைத் தடுக்கும் ஜாமர் வைத்தால் முடிந்தது. இங்கே அதைச் செய்யவில்லை. ரஷ்யாவின் சொந்த மொபைல் வலையமைப்பையே பயன்படுத்தினார்கள். ட்ரோனில் ஒரு மோடம், ஒரு சிம். படம் அந்த வலை வழியாக வெளியே போகிறது, கட்டளை அதே வழியில் உள்ளே வருகிறது. ஆனால் அதில் தாமதம் உண்டு. கையால் ஓட்டுபவருக்கு அரை நொடித் தாமதமே பெரிய தொல்லை. அதனால்தான் ஆர்டுபைலட் என்ற மென்பொருள் உள்ளே இருந்தது. எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது, பொழுதுபோக்குக்கு ட்ரோன் கட்டுபவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது. அது ட்ரோனைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளும், ஓட்டுபவர் திசை சொன்னால் போதும். எஸ்.பி.யு. வெளியிட்ட காணொளிகளைப் பாருங்கள், ட்ரோன்கள் பதறாமல் மெதுவாக விமானத்தின் இறக்கை மேல் போய் இறங்குகின்றன. சிக்னல் அறுந்தால் ஏற்கெனவே கொடுத்த பாதையில் தானே போய் முடிக்கும்படியும் ஏற்பாடு இருந்தது என்று எஸ்.பி.யு. சொன்னது. பொல்தாவாவில் சோவியத் கால நெடுந்தூர விமானங்களின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே நிற்கும் விமானங்களை வைத்து எந்த இடத்தில் அடித்தால் எரிபொருள் பற்றும் என்று பார்த்துவைத்திருந்தார்கள்.

ஒரு விமானத்தளத்தின் எலெக்ட்ரானிக் பாதுகாப்பு ஜி.பி.எஸ்.ஸையும் வழக்கமான ட்ரோன் அலைவரிசைகளையும் தடுக்கும். பக்கத்து ஊர் மக்கள் பேசும் 4ஜி கோபுரத்தை யாரும் அணைத்துவைப்பதில்லை. அந்த இடைவெளிக்குள்தான் நுழைந்திருக்கிறார்கள்.

இதன் பின்விளைவையும் சொல்ல வேண்டும். 2025-ல் ரஷ்யாவில் பகுதி பகுதியாக மொபைல் இணையம் வெட்டப்பட்டது. மே மாத வெற்றி நாள் அணிவகுப்புக்கு முன்பே தொடங்கியது, ஜூனுக்குப் பிறகு மிக அதிகமானது. கடையில் கார்டு தேய்க்க முடியாது, டாக்ஸி கூப்பிட முடியாது. வெளிநாட்டு சிம் நாட்டுக்குள் நுழைந்தால் ஒரு நாள் முழுக்க டேட்டா கிடையாது என்ற விதியும் அந்த ஆண்டிலேயே வந்தது. எங்கள் துறையில் ஒரு மணி நேரம் வலை நின்றால் எத்தனை பேர் தொல்லைப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே வாரக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள்.

ஆழியான்

எல்லோரும் தொழில்நுட்பத்தை வியந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த லாரிகளை ஓட்டியவர்களைப் பற்றி யாராவது நினைத்தீர்களா? மரவீடு ஏற்றிப் போகிறோம் என்று நம்பி ஸ்டியரிங் பிடித்தவர்கள். போன் வருகிறது, இந்த இடத்தில் நிறுத்து என்கிறார்கள், நிறுத்துகிறார்கள். தலைக்குப் பின்னால் கூரை திறந்து குண்டு பறக்கிறது. எல்லாம் முடிந்ததும் லாரிகளும் வெடித்து எரியும்படி வைத்திருந்தார்கள். உதவிய தங்கள் ஆட்களை முன்கூட்டியே ரஷ்யாவிலிருந்து வெளியே எடுத்துவிட்டோம் என்று உக்ரைன் பெருமையாகச் சொன்னது. ஓட்டுநர்களை யார் வெளியே எடுத்தார்கள்? அவர்கள் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள்.

நான் ரஷ்யாவை ஆதரிக்கவில்லை. போரைத் தொடங்கியது யார் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் ராணுவ இலக்கு என்பதாலேயே வழியெல்லாம் சுத்தமாகிவிடாது.

பொன்னி வழக்கறிஞர்

ஆழியான் ஐயா எழுப்பியது முக்கியமான கேள்வி. சட்டத்தின்படி பிரித்துப் பார்க்கலாம்.

இலக்கில் சிக்கல் இல்லை. ஜெனீவா ஒப்பந்தங்களின் முதல் கூடுதல் நெறிமுறை, பிரிவு 52: ராணுவச் செயலுக்கு உண்மையாகப் பங்களிக்கும் பொருள் ராணுவ இலக்கு. இந்த விமானங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? டி.யு-95-லிருந்து ஏவப்படும் கே.எச்-101 ஏவுகணைதான் 2024 ஜூலை 8 அன்று கீவ் நகரின் ஒக்மத்தித் குழந்தைகள் மருத்துவமனையைத் தாக்கியது. டி.யு-22எம்3 சுமக்கும் கே.எச்-22 என்பது கப்பல்களை அடிக்க 1960-களில் செய்தது. ஒரு டன் அளவு வெடிமருந்து, குறி தப்பும் தன்மை. 2023 ஜனவரி 14 அன்று அப்படி ஒன்று த்னிப்ரோ நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் விழுந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டு தரையில் நிற்கும்போது அடிப்பது சட்டத்துக்கு உட்பட்டது என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை.

வழிமுறைதான் கடினமானது. பிரிவு 37 வஞ்சகத்தைத் தடை செய்கிறது. குடிமக்கள் போல நடித்து எதிரியின் நம்பிக்கையைப் பெற்று அவனைக் கொல்வது, காயப்படுத்துவது, பிடிப்பது. தடை ஆளைத் தொட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது, பொருளை அழிப்பதைத் தொட்டு அல்ல. விமானத்தை மட்டும் எரித்தால் அந்தப் பிரிவுக்குள் வராது என்று வாதாட முடியும், வலுவாகவே. ஆனால் பிரிவு 57 என்று ஒன்று இருக்கிறது. தாக்குபவர் குடிமக்களுக்குச் சேதம் வராமல் முடிந்த எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்க வேண்டும். தெரியாமல் லாரி ஓட்டியவரும் குடிமகன்தான். அவருக்காக என்ன முன்னெச்சரிக்கை எடுக்கப்பட்டது என்று உக்ரைனைக் கேட்க வேண்டும். கேட்பதால் ரஷ்யா சொன்னது போல இது "பயங்கரவாதம்" ஆகிவிடாது.

ஆழியான்

அம்மா, சட்டத்தைத் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. என் கவலை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. இனிமேல் எந்தப் போரிலும் விமானத்தளத்துக்குப் பக்கத்தில் போகும் ஒவ்வொரு லாரியையும் சிப்பாய் சந்தேகத்தோடுதான் பார்ப்பான். ஜூன் 1-க்குப் பிறகு சைபீரியா நெடுஞ்சாலைகளில் லாரிகளை நிறுத்தி ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள், நீள நீளமாக வரிசை. அது சோதனையோடு போயிற்று. அடுத்த முறை வேறொரு நாட்டில் பயந்துபோன ஒரு காவலாளி முதலில் சுட்டுவிட்டுத்தான் சோதிப்பான். குடிமக்கள் வண்டி என்ற மறைப்பைப் பயன்படுத்தும்போது, அந்த வண்டிகளுக்கு இருந்த பாதுகாப்பும் சேர்ந்தே தேய்கிறது. லாரித் தொழிலில் இருக்கும் குடும்பத்திலிருந்து வந்தவன் நான், அதனால் இது எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது.

பொன்னி வழக்கறிஞர்

இதை நான் மறுக்கவில்லை, ஐயா. சட்டம் அந்த மறைப்பை வெறுப்பதற்குக் காரணமே நீங்கள் சொன்னதுதான்.

முகில்

இது ஏதோ ஒரே நாளில் வானத்திலிருந்து குதித்தது போலப் பேசப்படுகிறது. இதற்கு முன் மூன்று ஆண்டு வரலாறு இருக்கிறது.

2022 டிசம்பர் 5. ரஷ்யாவின் எங்கெல்ஸ், தியாகிலெவோ விமானத்தளங்கள் ஒரே நாளில் அடிக்கப்பட்டன. அப்போது பயன்பட்டவை சோவியத் காலத்து டி.யு-141, 1970-களில் வேவு பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஜெட் ட்ரோன். பழைய இரும்பைத் துடைத்து வெடிமருந்து ஏற்றி அனுப்பினார்கள். 2023 ஆகஸ்டில் நோவ்கொரோத் பகுதியின் சோல்த்ஸி தளத்தில் ஒரு டி.யு-22எம்3 எரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்தத் தளத்திலிருந்த விமானங்கள் பாதுகாப்புக்காக வடக்கே ஓலென்யாவுக்குப் போயின. ஓலென்யாவில் என்ன ஆயிற்று என்று மேலே படித்தீர்கள். அதே மாதக் கடைசியில் ப்ஸ்கோவில் ஐ.எல்-76 சரக்கு விமானங்கள் எரிந்தன.

2024 ஏப்ரலில் தாதர்ஸ்தானின் யெலபுகா. ஈரான் வடிவமைத்த ஷாஹெத் தாக்குதல் ட்ரோன்களை ரஷ்யா தானே செய்யும் ஆலை அங்கே. உக்ரைன் அனுப்பியது ஏ-22 என்ற சின்ன இரண்டு இருக்கை விமானத்தை, ஆளில்லாமல், 1,000 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அது போய் விழுந்தது தொழிலாளர் விடுதியில், அங்கே தங்கியிருந்த வெளிநாட்டு இளைஞர்கள் உட்படப் பலர் காயமடைந்தார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆழத்தில் அடிப்பது என்றால் குறி எப்போதும் சரியாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

அப்புறம் 2024 செப்டம்பர் 18, த்வேர் பகுதியின் தொரொபெத்ஸ் வெடிமருந்துக் கிடங்கு. எனக்கு ஜூன் 1-ஐவிட இது பெரிய தாக்குதலாகத் தெரிகிறது. வெடிப்பை நிலநடுக்க மானிகள் பதிவு செய்தன, ஊரைக் காலி செய்தார்கள். ஏவுகணைத் தாக்குதலையும் தாங்கும் என்று துணைப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த திமித்ரி புல்ககோவ் 2018-ல் மார்தட்டிய கிடங்கு அது. கிடங்கு வெடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு அவரே ஊழல் வழக்கில் கைதாகியிருந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். ரஷ்யா உலகின் மிகப் பெரிய நாடு. 1812-லும் 1941-லும் அந்தப் பரப்பளவுதான் அதைக் காப்பாற்றியது. இப்போது அதே பரப்பளவு அதன் வான்பாதுகாப்புக்குப் பாரமாகியிருக்கிறது. இத்தனை ஆலை, இத்தனை தளம், இத்தனை சுத்திகரிப்பு நிலையம், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பான்ட்சிர் வான்பாதுகாப்பு வண்டி நிறுத்த முடியாது. ஓரிடத்துக்குக் கொண்டுபோனால் இன்னோரிடம் திறந்துகொள்கிறது.

மருதம்

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். இவ்வளவு முக்கியமான விமானங்களை ஏன் வெட்டவெளியில் நிறுத்தினார்கள்? அமெரிக்காவோடு போட்ட அணு ஆயுத ஒப்பந்தத்தின்படி செயற்கைக்கோளுக்குத் தெரியும்படி வெளியேதான் நிறுத்த வேண்டும் என்று பல இடங்களில் படித்தேன்.

வானோடி

இல்லை தம்பி, அது பரவலாகச் சுற்றிய தவறான செய்தி. நீங்கள் சொல்வது 2026 பிப்ரவரியில் காலாவதியான நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம். எதிர்த்தரப்பின் கண்காணிப்புக்கு இடையூறாக எதையும் மறைக்கக் கூடாது என்றது அது. ஆனால் வெயில், மழை, பனியிலிருந்து காக்கும் கூடாரங்களுக்கு அதிலேயே விலக்கு இருந்தது. போதாக்குறைக்கு 2023 பிப்ரவரியிலேயே ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்திவைத்துவிட்டது.

உண்மையான காரணம் வேறு. டி.யு-95-ன் இறக்கை 50 மீட்டர் அகலம். அதற்குக் கான்கிரீட் கூடம் கட்டுவது பெரிய செலவு, எதிரி அங்கே வரமாட்டான் என்ற நம்பிக்கையில் யாரும் கட்டவில்லை. 1967 ஜூன் 5 காலையில் எகிப்தின் விமானப்படை ஓடுபாதையில் நின்றபடியே இஸ்ரேலால் அழிக்கப்பட்டது. அதைப் பார்த்த பிறகுதான் உலகம் முழுக்கப் போர்விமானங்களுக்குக் கான்கிரீட் கூடங்கள் கட்டத் தொடங்கினார்கள். ஆனால் சிறிய போர்விமானங்களுக்கு மட்டும். பெரிய குண்டுவீச்சு விமானங்கள் பெரும்பாலும் அன்றும் வெளியே, இன்றும் வெளியே. அமெரிக்காவின் பி-52 விமானங்களும் அப்படித்தான்.

ரஷ்யர்கள் செய்த ஒன்று, விமானத்தின் மேல் பழைய டயர்களை அடுக்கியது. பார்க்க விநோதமாக இருந்தாலும் காரணம் உண்டு. படத்தைப் பார்த்து இலக்கை அடையாளம் காணும் ஏவுகணைகளைக் குழப்பும். ஜூன் 1-ல் வந்த ட்ரோன்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் மனிதக் கண் இருந்தது, அதனிடம் டயர் எடுபடவில்லை.

கரிசல்காடு

அணு ஆயுதம் என்று பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். டி.யு-95 ரஷ்யாவின் அணு ஆயுதப் படையின் ஒரு கால். 2024 மே மாதத்தில் அர்மாவிர் முன்னெச்சரிக்கை ராடாரை உக்ரைன் அடித்தது. அணு ஏவுகணை வருகிறதா என்று பார்க்கும் ராடார் அது. அடுத்த சில நாளில் ஓர்ஸ்க் ராடாரையும் குறிவைத்தார்கள். அப்போது அமெரிக்காவே கவலைப்பட்டது. ரஷ்யாவின் 2020 கொள்கை ஆவணத்தில், அணு ஆயுதப் பதிலடியைக் குலைக்கும் வகையில் முக்கிய ராணுவ அமைப்புகளைத் தாக்கினால் அணு ஆயுதம் பயன்படுத்தலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. 2024 நவம்பரில் அதை இன்னும் விரிவாக்கினார்கள். இந்த விளையாட்டு எங்கே போய் முடியும்?

வானோடி

கவலை நியாயமானது. ராடார் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். அந்த ராடார் உக்ரைன் மீது குண்டு போடவில்லை. அதைக் குருடாக்கினால் பயத்தில் தவறான முடிவு எடுக்கும் வாய்ப்புதான் கூடும். விமானங்கள் அப்படியல்ல. ஒவ்வொரு வாரமும் ஏவுகணை ஏற்றிப் போய் நகரங்கள் மீது ஏவிய விமானத்தை "இது அணு ஆயுதப் படை, தொடாதே" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அப்படியென்றால் அணு ஆயுத நாடு எதை வைத்து அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது என்று ஆகிவிடும். ரஷ்யாவின் பதிலும் வழக்கமான ஆயுதத்தில்தான் வந்தது. ஜூன் 6 அதிகாலை 400-க்கும் மேற்பட்ட ட்ரோன்கள், 40-க்கும் மேற்பட்ட ஏவுகணைகள். இறந்தவர்களில் கீவ் நகரின் மீட்புப் பணியாளர்களும் இருந்தார்கள்.

முகில்

அப்படியானால் நேரடியாகக் கேட்கிறேன் வானோடி அண்ணா. விமானம் குறைந்தது, உக்ரைன் மீது விழும் குண்டு குறைந்ததா? 2025 ஜூலை 9 இரவில் மட்டும் 728 ட்ரோன்கள். செப்டம்பர் 7-ல் 800-ஐத் தாண்டியது. அவற்றை ஏவ டி.யு-95 தேவையில்லை, யெலபுகாவில் ஆலை ஓடினால் போதும். எதிரியின் மிகப் பழைய ஆயுதத்தை மிக அழகாக அடித்தார்கள். அவனுடைய மிகப் புதிய ஆயுதம் அப்படியே இருக்கிறது. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

வானோடி

குறையவில்லை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஷாஹெத் வகை ட்ரோன் மெதுவாக வரும். பிக்கப் வண்டியில் பொருத்திய இயந்திரத் துப்பாக்கியாலும், இப்போது இடைமறிக்கும் சிறு ட்ரோன்களாலும் அதை வீழ்த்த முடிகிறது. கே.எச்-101 அப்படியல்ல, 400 கிலோ அளவு வெடிமருந்தோடு வரும், அதை வீழ்த்த விலையுயர்ந்த ஏவுகணை வேண்டும். இந்த வகை ஏவுகணைகளைச் சுமக்கும் விமானங்கள் குறைந்தன, மிஞ்சியவற்றில் சில தூரக்கிழக்குத் தளங்களுக்குப் போயின. அங்கிருந்து ஒவ்வொரு தாக்குதலுக்கும் கண்டத்தைக் கடந்து வர வேண்டும். எஞ்சின் மணிக்கணக்கும் எரிபொருளும் கரையும், கிளம்பியதுமே உக்ரைனுக்கு எச்சரிக்கை நேரமும் கூடுதலாகக் கிடைக்கும். இது போரை வெல்லும் அடி இல்லை. ஒரு பக்கத்தின் கையைக் கொஞ்சம் நீட்ட விடாமல் செய்த அடி, அவ்வளவுதான். அதற்கு ஒன்றரை ஆண்டு உழைப்பு தகுமா என்றால், கீவில் நிலவறைக்குள் இரவு கழிக்கும் ஒருவர் தகும் என்றுதான் சொல்வார்.

யெலபுகா பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த ஆலையைத் திரும்பத் திரும்பத் தாக்கியும் நிறுத்த முடியவில்லை. வெட்டவெளியில் நிற்கும் விமானத்தை ஒரு சிறு குண்டு எரித்துவிடும், விரிந்து கிடக்கும் ஆலைக்கு அது போதாது.

நீலவேணி

கடைசியாக நம் பக்கம் ஒரு செய்தி. 2021 ஜூன் 27 அதிகாலை ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன்கள் இரண்டு குண்டுகளைப் போட்டன. இந்திய ராணுவத் தளம் ஒன்றின் மீது நடந்த முதல் ட்ரோன் தாக்குதல் அது. இரண்டு வீரர்களுக்குக் காயம், ஒரு கட்டடத்தின் கூரை சேதம், அதோடு போயிற்று. 2025 மே மாதத்தில் பாகிஸ்தான் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான ட்ரோன்களை 36 இடங்களை நோக்கி அனுப்பியது. அவை எல்லை தாண்டி வந்தவை, ராடார் பார்க்கும் திசையில் வந்தவை. ஜூன் 1-ல் ரஷ்யாவுக்கு நடந்ததும், அதே மாதம் 13-ஆம் தேதி ஈரானுக்கு நடந்ததும் அப்படியல்ல. ஈரானுக்குள் முன்பே கொண்டுபோய் வைத்த ட்ரோன்களை வைத்துத்தான் இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாத் அங்கிருந்த ஏவுகணை ஏவிகளையும் வான்பாதுகாப்பையும் முதலில் அடித்தது. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் லாங்லி தளத்தின் மேல் பல இரவுகள் ட்ரோன்கள் சுற்றின. எஃப்-22 விமானங்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள், அனுப்பியது யார் என்று பொதுவெளியில் இன்னும் சொல்லவில்லை.

என் துறை சார்ந்து ஒன்று மட்டும் சொல்கிறேன். தளத்தைச் சுற்றியிருக்கும் கோபுரங்களில், வானத்தில் நகரும் ஒரு சிம்முக்கும் தரையில் நகரும் சிம்முக்கும் சிக்னல் நடத்தை வேறாக இருக்கும். மேலே போனால் ஒரே நேரத்தில் நிறைய கோபுரங்கள் கண்ணில் படும். அதைக் கண்டுபிடித்து அந்த ஓர் இணைப்பை மட்டும் துண்டிக்கலாம், ஊர் முழுக்க இணையத்தை அணைக்கத் தேவையில்லை. இதற்கு ராணுவமும் மொபைல் நிறுவனங்களும் ஒன்றாக உட்கார வேண்டும். ரஷ்யா எல்லாவற்றையும் அணைப்பதைத்தான் தேர்ந்தெடுத்தது.

ஆழியான்

சகோதரி சொல்லும் வழி நடந்தால் என் கவலையிலும் பாதி தீரும். லாரியைச் சந்தேகிப்பதைவிட சிக்னலைச் சந்தேகிப்பது மேல்.